நாலும் பன்னிரண்டும்

அவளை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிற நான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். சேர்ந்த முதல் நாளே ஒரு மாணவர் பழக்கதோஷத்தில் "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டின கணவனும் அப்படித்தான் கூப்பிட்டான். அவனும் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவன்தான். லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை கோட்டை விட்டு, நாலாவது முறை தேறிய அன்று சாயங்காலம், இனிமேல் எந்தச் சாக்கில் உங்களைத் தினமும் பார்ப்பது என்று கேட்டான். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனபிறகும் காரில் ஏறினால் 'நீங்க', வீட்டுக்குள் வந்தால் 'நீ' என்ற வழக்கத்தை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

அவன் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அனுப்பிவைக்கிற அச்சுகளை முன்னால் பரப்பிக்கொண்டு, மெழுகும் பிளாஸ்டருமாக நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். யாரைப் பார்த்தாலும் அவன் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். மாஸ்டரின் கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்யக் கூடாது என்று பெண் பார்க்க வந்தபோதே நிபந்தனை போட்டவன்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷத்திலிருந்து மூன்று முறை கரு தங்கியது, மூன்றும் கலைந்தன. முதலாவது எட்டு வாரம், அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது ஏழு. முதல் தடவை டாக்டர், நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்றார். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னார், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். மூன்றாவது தடவை அதைச் சொல்லவில்லை. இரண்டு பேருடைய ரத்தத்தையும் எடுத்துக் குரோமோசோம் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்றாவதுக்குப் பிறகு மாஸ்டர் மூன்று நாளில் வேலைக்குத் திரும்பினாள். பத்து வருஷத்தில் ஒரு மாணவரிடமும் குரலை உயர்த்தாதவள், அன்று கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மிதித்த ஒரு பேங்க் குமாஸ்தாவிடம் எரிந்து விழுந்தாள். பிறகு வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் பயந்துபோய், தன் மேல்தான் தப்பு என்றார். வீட்டுக்கு வந்ததும் கணவனிடம், ரத்தம் கொடுக்க நாளைக்கே போய்விடலாம் என்றாள்.

ரிப்போர்ட் வர நாலு வாரம் ஆயிற்று. அவனுடையதில் ஒன்றுமில்லை. அவளுடையதில் இருந்தது.

மரபணு ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்த அறையில், படிப்பை முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள் போல ஒரு பெண் இருந்தாள். தலையில் ஆறேழு கிளிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்காமல், அலமாரியிலிருந்து இரண்டு நீல ஃபைலும் இரண்டு மஞ்சள் ஃபைலும் எடுத்து மேஜையில் வைத்தாள். நம் எல்லாரிடமும் குரோமோசோம் இருபத்துமூன்று ஜோடி உண்டு, நாலாம் எண் ஜோடி நீலம், பன்னிரண்டாம் எண் ஜோடி மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு ஒரு நீலத்தின் கடைசிப் பக்கங்களை உருவி ஒரு மஞ்சளில் செருகினாள். அந்த மஞ்சளின் கடைசிப் பக்கங்கள் நீலத்துக்கு வந்தன.

மாஸ்டரின் உடம்பில் இதுதான் நடந்திருந்தது. நாலிலும் பன்னிரண்டிலும் ஒவ்வொன்றின் நுனித் துண்டு இடம் மாறி உட்கார்ந்திருந்தது. பக்கம் எதுவும் தொலையவில்லை, எதுவும் கூடுதலாகவும் இல்லை. ஆனால் குழந்தைக்கு ஒரு நீலமும் ஒரு மஞ்சளும்தான் கொடுக்க முடியும். மாறாத இரண்டும் போனால் நல்லது. மாறின இரண்டும் சேர்ந்து போனாலும் நல்லது, அந்தக் குழந்தை இவளைப் போலவே இருக்கும். மாறினது ஒன்றும் மாறாதது ஒன்றும் போனால், சில பக்கம் இரண்டு தடவை வரும், சில பக்கம் வரவே வராது. அந்தக் கருக்கள் பெரும்பாலும் தங்குவதில்லை.

"அப்ப எனக்கு என்ன குறை?" என்றாள் மாஸ்டர்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாம் உங்ககிட்ட இருக்கு. பங்கு பிரிக்கும்போதுதான் சிக்கல்."

"சொத்துத் தகராறு மாதிரி," என்றான் கணவன்.

கிளிப்புப் பெண் சிரித்துவிட்டாள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் அது கொஞ்சம் கோணலாக வந்தது.

வழி இரண்டு என்று அந்தப் பெண் விளக்கினாள். எப்போதும் போல முயற்சி செய்துகொண்டே இருக்கலாம். இந்த மாதிரி இருக்கிற பல பெண்களுக்கு அப்படியே குழந்தை பிறந்திருக்கிறது, நடுவில் எத்தனை தடவை கலையும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. இல்லாவிட்டால், கருமுட்டைகளை வெளியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, ஒவ்வொரு கருவிலிருந்தும் நாலைந்து செல் எடுத்துச் சோதித்து, பக்கங்கள் சரியாக இருக்கிற கருவை மட்டும் வயிற்றில் வைக்கலாம். கலைவது குறையும். அதற்காகக் குழந்தை நிச்சயம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கண்ணை எடுக்கவில்லை. அதனாலேயே மாஸ்டருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கிளம்பும்போது கிளிப்புப் பெண் இன்னொன்றும் சொன்னாள். இது அப்பா வழியாகவோ அம்மா வழியாகவோ வந்திருக்கக் கூடும். இருவரும் ரத்தம் கொடுத்தால் மற்ற உறவுக்காரர்களுக்கும் உதவும். கட்டாயமில்லை, வீட்டில் பேசிப் பாருங்கள் என்றாள்.

மாஸ்டரின் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எண்களைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. தக்காளி எத்தனை கிலோ என்று கேட்டால் கூட, "ரெண்டு. திரும்பச் சொல்றேன், ரெண்டு" என்பாள். அப்பா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிக்கும் வேலையில் இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் தெருத்தெருவாக நடந்து, வீட்டு வாசல் நாய்களோடு மட்டும் பேசிப் பழகியவர் என்று அம்மா கேலி செய்வாள். அவர் அதற்கும் பதில் பேசமாட்டார். மாஸ்டர் அவர்களுக்கு ஒரே பெண். அவளுக்கு முன்னால் இரண்டு போயின, பின்னால் இரண்டு போயின. அந்த நாளில் யாரும் எந்த ஃபைலையும் மேஜையில் வைத்து விளக்கவில்லை. மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறவள் வயிற்றில் எதுதான் தங்கும் என்பது தீர்ப்பு. அம்மா வேலையை விடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை அவளும் உள்ளுக்குள் நம்பிவிட்டிருந்தாள்.

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் அம்மா, இது தன்னிடமிருந்துதான் வந்திருக்கும், இதில் சோதிக்க என்ன இருக்கிறது என்றாள். சோதனைக்குப் போகிற அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டாள், தண்டனை வாங்கப் போகிறவள் கண்ணியமாகப் போக வேண்டும் என்பதைப் போல. அப்பா துணைக்குத்தான் போனார். வந்தது வந்தீர்கள், நீங்களும் கையை நீட்டுங்கள் என்று கிளிப்புப் பெண் அவரையும் உட்கார வைத்தாள்.

மாஸ்டரும் கணவனும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊசிகள் ஆரம்பித்தன. பத்துப் பன்னிரண்டு நாள், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, வயிற்றில். கணவன்தான் போட்டான். மிளகளவு பல்லில் கோடு இழைக்கிறவன், முதல் நாள் ஊசியை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் கீழே வைத்தான். அவள் கார் சொல்லிக்கொடுக்கிற குரலிலேயே, அவசரம் வேண்டாம், தோளைத் தளர்த்து, மெதுவாக உள்ளே, அங்கேயே நிறுத்து, இப்போது வெளியே எடு என்று சொன்னாள். அவன் தன்னையறியாமல், "சரிங்க மாஸ்டர்" என்றான்.

ஒரு நாள் மட்டும் வகுப்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏழு மணிக்கு அவள் பயிற்சிக் காரில் இருந்தாள். ஓட்டுகிற இடத்தில் கோழிக்கடை நடத்துகிற அம்மாள். கடைக்குத் தானே வேன் ஓட்டிச் சரக்கு எடுக்க வேண்டும் என்று ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள வந்தவள், ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை அணைத்துவிடுகிறவள். மாஸ்டர் ஓரம்கட்டச் சொல்லி, ஐஸ் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். தனக்குத்தானே குத்திக்கொள்ள முடியாமல் இரண்டு முறை கையைப் பின்னுக்கு இழுத்தாள். கோழிக்கடை அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எங்கே எவ்வளவு ஆழம் என்று மட்டும் சொல், நான் போடுகிறேன் என்றாள். மாஸ்டர் சட்டென்று தானே போட்டுக்கொண்டாள். அந்த அம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கடையில் நல்ல முட்டையாகப் பொறுக்கி எடுத்து வந்து கொடுத்தாள். வயிற்றுக்குள் எத்தனை முட்டை வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில் இது நடந்ததால், கணவன் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

எடுத்ததில் பதினொரு முட்டை கிடைத்தது. எட்டு கருவானது. ஐந்தாம் நாள் வரை வளர்ந்து நின்றது ஐந்து. ஆய்வுக்கூடத்தில் அந்த ஐந்திலிருந்தும் சில செல்களை எடுத்துக்கொண்டு, கருக்களை உறையவைத்தார்கள். அம்மா ஃபோனில் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அதற்கு முன்பே பெற்றோரின் முடிவு வந்துவிட்டது. வீட்டுக் கார் கணவனிடம் இருந்ததால், மாஸ்டர் பயிற்சிக் காரிலேயே இருவரையும் அழைத்துப் போனாள். கிளிப்புப் பெண் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மாவுடையது இயல்பாக இருக்கிறது, மாற்றம் இருப்பது அப்பாவிடம் என்றாள். அம்மா அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கிளிப்புப் பெண் படித்தாள். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மாஸ்டர் ஓட்டினாள், அம்மா பக்கத்து சீட்டில், அப்பா பின்னால். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அம்மாவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூன்று சிக்னல் தாண்டியது.

"அப்ப நான் இல்லையா?" என்றாள் அம்மா, சாலையைப் பார்த்தபடியே.

"இல்லம்மா."

"நாலு போச்சே. நாலுக்கும் நான் இல்லையா?"

பின்னாலிருந்து அப்பா, "நான்தான் போலிருக்கு" என்றார்.

அம்மாவின் கால் அழுந்தியது. கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அம்மா சீட்டில் முழுக்கத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"உங்கம்மாவும் உங்கக்காவும் என்னை வெச்சுப் பேசினப்ப நீங்க பக்கத்துலதான உட்கார்ந்திருந்தீங்க? யாரால போச்சுன்னு தெரியலைன்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லல," என்றார் அப்பா. "சொல்லியிருக்கணும்."

மாஸ்டர் காலை எடுக்கச் சொன்னாள். எடுக்கமாட்டேன் என்றாள் அம்மா. பின்வண்டிக்காரர் இறங்கி வந்து கண்ணாடி வழியே குனிந்தார். 'எல்' போர்டைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போயிருந்த மாஸ்டரைப் பார்த்தார், பிரேக்கை மிதித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது.

"பதறாதீங்கம்மா. கத்துக்கும்போது எல்லாருக்கும் இப்படித்தான். நல்ல வேளை, உங்க மாஸ்டர் கரெக்டா பிரேக் போட்டாங்க."

அம்மா அவருக்கு மிகவும் மரியாதையாக நன்றி சொன்னாள். அவர் போனதும் காலை எடுத்தாள். பிறகு வீடு வரும் வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் அழுதாளா சிரித்தாளா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

இரண்டு நாள் அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் காலை, அவர் ரிப்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினார். லைப்ரரிக்குப் போகிறார் என்று அம்மா நினைத்தாள். அவர் போனது தன் அக்கா வீட்டுக்கு. அங்கே என்ன நடந்தது என்பதை அந்த அத்தையின் மருமகள் அன்று மத்தியானமே மாஸ்டருக்கு ஃபோன் செய்து சொன்னாள். அந்த மருமகளுக்கும் இரண்டு கரு கலைந்திருந்தது. அவள் மாடிப்படி ஏறுவது, மதியம் தூங்குவது, தலைக்குக் குளிப்பது என்று ஒவ்வொன்றாக அத்தை குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா நேராக உள்ளே போய், உட்காராமல் நின்றபடியே, ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து தட்டுத்தடுமாறிப் படித்தாராம். நாலாம் எண், பன்னிரண்டாம் எண் என்று வந்தபோது கிளிப்புப் பெண் சொன்ன மாதிரியே விளக்கினாராம், ஃபைலுக்குப் பதில் அங்கே கிடந்த வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு. கடைசியில், நம் வீட்டிலிருந்து வந்ததை அவள் தலையில் கட்டிவிட்டோம் அக்கா, இந்தப் பெண் தலையிலும் கட்டாதே என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாராம்.

"மாமா இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல," என்றாள் மருமகள். "பேசி முடிச்சதும் கால் வலிக்குதுன்னு வாசப்படியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போனார்."

சாயங்காலம் அத்தையிடமிருந்து ஃபோன் வந்தது. மாஸ்டரும் அப்போது அம்மா வீட்டில்தான் இருந்தாள். அம்மா எடுத்தாள்.

"யார் பேசுறது?"

"நான்தான்மா, அண்ணி."

"கொஞ்சம் லைன்ல இருங்க," என்று சொல்லி அம்மா ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை மேஜையில் வைத்தாள்.

வைத்துவிட்டு, துவைத்துக் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். துண்டுகளை மடித்தாள். தலையணை உறைகளை மூலைக்கு மூலை நீவி மடித்தாள். அப்பாவின் சட்டைகளுக்குப் பட்டன் போட்டு அடுக்கினாள். அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமோ என்று பார்ப்பது போல அப்பா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷ வேலையில் எத்தனையோ பேரைக் காத்திருக்க வைத்திருக்கிறாள் அம்மா. இவ்வளவு நிதானமாக யாரையும் வைத்ததில்லை. பத்து நிமிஷம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். அத்தை வைக்காமல் காத்திருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

 அத்தையின் குரல் தேய்ந்திருந்தது. ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"எனக்கும் ரெண்டு போச்சும்மா. கல்யாணமான புதுசுல. யார்கிட்டயும் சொன்னதில்ல, அம்மாகிட்ட கூட. சொன்னா என்னைச் சொல்லுவாங்கன்னு இருந்தேன். அப்புறம் உனக்குப் போனப்ப, எல்லாரும் சேர்ந்து உன்னைச் சொன்னோம்."

அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டா?"

"ரெண்டு."

"எனக்கு நாலு," என்றாள் அம்மா. "ஆக மொத்தம் ஆறு."

பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஃபோனோடு உள்ளறைக்குப் போனாள். முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அம்மா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், இரண்டு நாளில் முதல் தடவையாக அப்பாவைப் பார்த்து, "போர்வையோட அந்த நுனியைப் பிடிங்க, ஒத்தை ஆளா மடிக்க முடியல" என்றாள். அவர் எழுந்து போய்ப் பிடித்தார்.

அத்தையின் மகனும் அடுத்த வாரமே ரத்தம் கொடுத்தான். அவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அவர்களுடைய இரண்டும் ஏன் போயின என்பதற்கு டாக்டர்களுக்கும் காரணம் தெரியவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. மருமகள் மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்கினாள்.

மாஸ்டரின் ஐந்து கருக்களின் முடிவும் வந்தது. மூன்றில் பக்கங்கள் கூடவோ குறையவோ இருந்தன. நாலாவதில் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருந்தது. ஐந்தாவது மாஸ்டரைப் போலவே, நாலும் பன்னிரண்டும் நுனி மாறி, ஆனால் எதுவும் குறையாமல். நாலாவது, ஐந்தாவது இரண்டில் எதை வைத்தாலும் குழந்தை ஆரோக்கியமாக இருக்க ஒரே அளவு வாய்ப்புத்தான், எதை முதலில் வைப்பது என்பது உங்கள் விருப்பம் என்றாள் கிளிப்புப் பெண்.

அதைத் தீர்மானிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கணவனின் வேலை அறையில் வைத்துப் பேசினார்கள். சுற்றிலும் அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டன.

"என்னை மாதிரி இருக்கிறதைப் பின்னால நிக்க வெக்கிறது எனக்கு என்னவோ மாதிரி இருக்கு," என்றாள். "ஆனா வளர்ந்து பெரிசாகி அதுக்கும் அந்த மூணு தடவை வரணுமா? நான் பட்டதை அது ஏன் படணும்?"

அவன் யோசித்தான். "உன்னை மாதிரி இருந்தா எனக்குச் சந்தோஷம்தான். உன்னைப் பார்க்கிறதுக்காகத்தான் மூணு தடவை ஃபெயில் ஆனேன்."

"அது ஓட்டத் தெரியாம ஆனது."

"ரெண்டு அப்படி. மூணாவது வேணும்னே."

ஆறு வருஷமாக அவன் மறைத்து வைத்திருந்த விஷயம் அது. தான் கற்றுக்கொடுத்ததில் எங்கே கோளாறு என்று அந்த மூன்றாவது தோல்விக்காக அவள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது அவளுக்குத்தான் தெரியும். அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிளாஸ்டர் பொடி பறந்தது. எந்தத் துண்டும் மாறாத கருவை முதலில் வைப்பது என்று முடிவாயிற்று.

அது தங்கவில்லை. வைத்துப் பன்னிரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. இது கலைந்ததும் இல்லை, ஒட்டவே இல்லை, அதனால் அழுவதற்குக் கூட ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. அன்றைக்கும் வகுப்புகளை எடுத்தாள். கடைசி வகுப்பு கோழிக்கடை அம்மாளுடையது. மாஸ்டரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அந்த அம்மாள் சாவியைத் திருப்பினாள். ஊரைச் சுற்றிப் போகிற நீளமான சாலையில், ஒரு திருப்பத்திலும் வண்டியை அணைக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், போய்விட்டுத் திரும்பிக் கொண்டுவந்து நிறுத்தினாள். அது அவளுடைய மிக நல்ல ஓட்டம். 

இரண்டு மாத இடைவெளி விட்டு ஐந்தாவதை வைத்தார்கள். மேஜையில் படுத்திருந்தபோது திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்து உள்ளே போவது தெரிந்தது. மாஸ்டர் அதைப் பார்த்து, வாய்க்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே பேசிவிட்டாள்.

"உன்னை ரெண்டாவதா நிக்க வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

டாக்டர் குழாயை எடுத்தபடியே, அதற்கு மனசு வர இன்னும் நாளாகும் என்றார்.

பன்னிரண்டாம் நாள் மருத்துவமனையிலிருந்து அழைத்தபோது மறுபடியும் வகுப்பில்தான் இருந்தாள். வகுப்பில் ஃபோன் எடுப்பதில்லை என்பது அவள் விதி. கோழிக்கடை அம்மாள் ஃபோனைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், யாரும் சொல்லாமலே சிக்னல் போட்டு, இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்த சந்தில் பின்னோக்கி எடுத்து, கச்சிதமாக நிறுத்தினாள். மாஸ்டர் ஃபோனைக் காதில் வைத்தாள். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் இவ்வளவு என்று நர்ஸ் ஒரு எண்ணைச் சொன்னாள். நல்ல எண் என்றாள். மாஸ்டர் அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னாள், இன்னொரு தடவையும் சொன்னாள், தன் குரல் அம்மாவின் குரலாக இருப்பதைக் கேட்டாள்.

அதன் பிறகு எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஏழாம் வாரம், எட்டாம் வாரம், ஒன்பதாம் வாரம் மூன்றையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். குளியலறைக்குப் போய் வரும்போதெல்லாம் கணவன் வாசலில் நின்று முகத்தைப் பார்த்தான். பத்தாம் வாரம் ஸ்கேனில் இதயம் குதிரை ஓடுவது போல ஓடியது. அன்றுதான் இருவரும் வெளியே ஒரு கடையில் உட்கார்ந்து, வேண்டியதைச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டார்கள். நாலாம் மாதம் டாக்டர் சொன்னபடி குழந்தையின் குரோமோசோமை இன்னொரு தடவையும் சரிபார்த்தார்கள். ஆய்வுக்கூடம் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஏழாம் மாதத்தில் வயிறு ஸ்டியரிங்கை இடித்ததால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டாள். எட்டாம் மாதம் அதற்கும் சீட் பெல்ட் போதவில்லை.

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கணவன் முதலில் பார்த்தது வாயைத்தான். பல் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தான்.

குழந்தைக்கு வயது வந்ததும் நீலம், மஞ்சள் கதையை நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயாலும் கேட்க வேண்டாம் என்று கிளிப்புப் பெண் சொல்லி அனுப்பினாள். அது அவளிடம் இருக்கிற ஒரு செய்தி, நோய் இல்லை என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும் என்றாள். மாஸ்டர், அது தன் பொறுப்பு என்றாள். அப்பா, தானும் சொல்லலாமா என்று கேட்டார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபதாம் நாள் அத்தை மருமகளோடு குழந்தையைப் பார்க்க வந்தாள். கதவைத் திறந்த அம்மா, வாங்க அண்ணி என்று சொல்லிக் குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். பழைய அதிகாரம் கொஞ்சம் திரும்பி வந்தது போலிருந்தது.

"மூக்கு எங்க வீட்டு மூக்கு," என்றாள்.

"மூக்கு மட்டுமா அண்ணி," என்றாள் அம்மா. "நாலும் பன்னிரண்டும் கூட உங்க வீட்டுதுதான்."

 அப்பா தரையைப் பார்த்தார். பிறகு அத்தையின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று தெரிய எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. மருமகளும் சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள். சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. மாஸ்டர் வந்து அவளை வாங்கிக்கொண்டு, பசியாற்ற உள்ளே எடுத்துப் போனாள்.